விரிவுரைப் பதிவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி, பல்கலைக்கழக வகுப்புகளைப் பதிவு செய்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுபவர்களும், அப்படி வெளிவந்தவற்றை எடுத்துப் பயன்படுத்த நினைப்பவர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை. சட்டம் சார்ந்த பதில்கள் பொதுவானவை. உங்கள் நாட்டின் பதிப்புரிமைச் சட்டத்தையும் நிறுவனத்தின் விதிகளையும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள்.

இலவசமாகப் பார்க்க முடிகிற விரிவுரையை எடுத்துப் பயன்படுத்தலாமா?

பார்க்கலாம். வெட்டி ஒட்டவோ, மொழிபெயர்த்து வெளியிடவோ அனுமதி வேண்டும். காசு கேட்கவில்லை என்பதால் உரிமை கைமாறிவிடாது. உரிமம் பற்றி எதுவும் எழுதாமல் போட்டிருந்தால், எல்லா உரிமையும் உரியவரிடமே இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். யூடியூபில் காணொளியின் விவரப் பகுதியை முழுதாக விரித்துப் பாருங்கள். அங்கே கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக ‘சிசி’; சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமங்கள்) என்ற குறிப்பு இல்லையென்றால் அது யூடியூபின் வழக்கமான உரிமத்தில் இருக்கிறது: இணைப்பைப் பகிரலாம், உங்கள் பக்கத்தில் பதித்துக் காட்டலாம், அதற்கு மேல் இல்லை. சில நிறுவனங்கள் யூடியூபில் ஒன்றும் சொல்லாமல் தங்கள் சொந்தத் தளத்தில் மட்டும் உரிமத்தை எழுதி வைத்திருக்கும். ஆகவே மூலப் பக்கம் வரை போய்ப் பார்ப்பது நல்லது.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது?

பாடங்களை ஒலிபரப்புவது பழைய வழக்கம். பிரிட்டனின் ஓபன் யுனிவர்சிட்டி 1971-லேயே பிபிசி வழியாகப் பாடம் நடத்தியது. இணையத்தில் மொத்தப் பாடத்திட்டத்தையும் திறந்து வைப்பதாக அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் அறிவித்தது 2001-ல், அடுத்த ஆண்டு 50 பாடங்களோடு முன்னோட்டம் வந்தது. ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் 2002-ல் யுனெஸ்கோ கூட்டம் ஒன்றில் வழக்குக்கு வந்தது. கிரியேட்டிவ் காமன்ஸின் முதல் உரிமங்களும் அதே ஆண்டு டிசம்பரில்தான் வெளியாயின. இந்தியாவில் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் இணையவழிப் பாடங்களுக்கான என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் 2007-ல் தன் பாடங்களை இப்படித் திறந்து வைத்தது.

கிரியேட்டிவ் காமன்ஸில் எந்த உரிமத்தைத் தேர்ந்தெடுப்பது?

எல்லாவற்றிலும் ‘பை’ உண்டு, அதாவது உருவாக்கியவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். அதனுடன் மூன்று நிபந்தனைகள் சேரலாம். ‘எஸ்ஏ’ என்றால் மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ‘என்சி’ என்றால் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. ‘என்டி’ என்றால் மாற்றம் செய்ததை வெளியிடக் கூடாது.

விரிவுரைக்கு என்டி போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான் என்பதால், என்டி உள்ள விரிவுரைக்கு ஒருவர் தமிழ்ச் சப்டைட்டில் எழுதி வெளியிட்டால் அது மீறல். ஒரு மணி நேர வகுப்பிலிருந்து எட்டு நிமிட விளக்கத்தை மட்டும் தொகுத்துத் தன் பாடத்தில் சேர்ப்பவருக்கும் அதே சிக்கல் வரலாம். ‘என் பேச்சைத் திரித்துவிடுவார்களே’ என்ற பயத்தில்தான் பலர் என்டியைத் தேர்கிறார்கள். அந்தப் பயத்துக்கு மற்ற உரிமங்களிலேயே மருந்து இருக்கிறது: மாற்றியவர் மாற்றியதாகச் சொல்ல வேண்டும், மூல ஆசிரியர் அதை ஆமோதித்ததுபோல் காட்டக் கூடாது, ஆசிரியர் கேட்டால் தன் பெயரை நீக்கச் சொல்லவும் முடியும்.

என்சி பற்றி ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. அது பயன்படுத்துகிறவர் யார் என்பதைப் பார்ப்பதில்லை, பயன்பாடு எத்தகையது என்பதையே பார்க்கிறது. எம்.ஐ.டி., யேல் இரண்டும் பை-என்சி-எஸ்ஏ வகையில்தான் வெளியிடுகின்றன. அது தவறான தேர்வு அல்ல, ஆனால் விலை உண்டு. விக்கிப்பீடியாவுக்கான படங்களும் காணொளிகளும் சேரும் விக்கிமீடியா காமன்ஸ் தளம் என்சி உள்ள கோப்புகளை ஏற்பதில்லை. பை-எஸ்ஏ உரிமத்தில் உள்ள ஒன்றையும் பை-என்சி-எஸ்ஏ உரிமத்தில் உள்ள ஒன்றையும் கலந்து ஒரே புதிய ஆக்கமாக வெளியிடவும் முடியாது. ‘என்னுடைய உரிமத்திலேயே வெளியிடு’ என்று இரண்டும் கேட்கும்.

யூடியூபில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கக் கிடைப்பது ‘பை’ மட்டுமே. வேறு உரிமம் தர விரும்பினால் வழக்கமான உரிமத்தில் ஏற்றிவிட்டு, விவரப் பகுதியில் எழுதுங்கள். காணொளியின் கடைசித் திரையிலும் போடுங்கள். கோப்பு எங்கே நகல் எடுக்கப்பட்டாலும் அந்தத் திரை கூடவே போகும்.

பெயர் குறிப்பிடுவது என்றால் எப்படி எழுத வேண்டும்?

தலைப்பு, உருவாக்கியவர், மூல இணைப்பு, உரிமம். இந்த நான்கும் இருந்தால் போதும். மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஒரு மாதிரி:

‘நேரியல் இயற்கணிதம், விரிவுரை 7’ – பேராசிரியர் பெயர், பல்கலைக்கழகம். மூலம்: (இணைப்பு). உரிமம்: சிசி பை-எஸ்ஏ 4.0. 12-ஆம் நிமிடம் முதல் 20-ஆம் நிமிடம் வரை வெட்டி எடுத்து, தமிழ்ச் சப்டைட்டில் சேர்க்கப்பட்டது.

‘நன்றி: இணையம்’, ‘நன்றி: யூடியூப்’ என்பவை பெயர் குறிப்பிடல் ஆகா.

பதிவு யாருக்குச் சொந்தம்? பேராசிரியருக்கா, நிறுவனத்துக்கா?

வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நாட்டுக்கு நாடு மாறும். நடைமுறையில் இதில் வாதாடிக்கொண்டிருப்பதை விட, பதிவு தொடங்குமுன் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுவது எளிது. எந்தெந்த விரிவுரைகள், எந்த உரிமம், எங்கே வெளியாகும், தொகுத்தபின் பேராசிரியர் ஒருமுறை பார்த்து ஒப்புவாரா என்ற நான்கு விஷயங்களும் அதில் இருக்க வேண்டும். விருந்தினராக வந்து பேசுகிறவரிடம் தனியாக வாங்குங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது அவர் கையெழுத்துதான். ஒரு வருடம் கழித்து அவரைத் தேடிப் பிடிப்பது சிரமம்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் தளத்திலிருந்து பதிவை நீக்கலாம். அதற்குள் நகல் எடுத்தவர்களின் உரிமை அப்படியே இருக்கும்.

வகுப்பில் கேள்வி கேட்கும் மாணவர்கள்?

கேமராவைப் பின்வரிசைக்குப் பின்னால் வைக்காமல், முன்வரிசைக்கு மேலாகப் பலகையை மட்டும் பார்க்கும்படி வைத்தால் முகங்கள் விழாது. பதிவு நடப்பதாக முதல் வகுப்பிலும் வாசல் அறிவிப்பிலும் சொல்லுங்கள். கேமராவில் படாத இருக்கைகள் எவை என்று காட்டுங்கள். கேள்வியைப் பேராசிரியர் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொன்னால், மாணவரின் குரலைத் தொகுப்பில் வெட்டிவிடலாம். இதில் இரட்டை லாபம்: மாணவரின் தனியுரிமையும் காக்கப்படும், காலர் மைக்கில் விழாத கேள்வி பார்ப்பவருக்கும் புரியும்.

பெயர்ப்பட்டியல், மதிப்பெண், மின்னஞ்சல் அறிவிப்பு ஆகியவை கணினித் திரையில் எட்டிப் பார்க்காமல் இருக்க, பதிவுக்கென்றே தனிப் பயனர் கணக்கு ஒன்றைக் கணினியில் உருவாக்கிக்கொள்வது நல்லது. இடைவேளையில் அணைக்காமல் விட்ட மைக் எடுத்துக்கொடுக்கும் பேச்சுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தொகுக்கும்போது தொடக்கத்தையும் முடிவையும் காதால் கேட்டு வெட்டுங்கள். அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்து வெட்டினால் தப்பிவிடும்.

பாடநூல் படங்கள், திரைப்படத் துண்டுகள் உள்ள வகுப்பை என்ன செய்வது?

வகுப்பறைக்குள் காட்ட அனுமதிக்கும் சட்ட விலக்கு, உலகத்துக்கே வெளியிட அனுமதிக்கும் என்று நம்ப முடியாது. வரைபடம் என்றால் அதே தரவிலிருந்து நீங்களே வரையுங்கள். தரவுக்குப் பதிப்புரிமை பெரும்பாலும் இருக்காது, ஒருவர் வரைந்த வடிவத்துக்கு இருக்கும். மாற்ற முடியாத படத்தை அந்த நேரத்துக்கு மட்டும் மறைத்து, ‘இன்ன நூலில், இன்ன எண்ணுள்ள படம்’ என்று திரையில் எழுதலாம். உங்கள் உரிமம் அந்தப் படத்துக்குப் பொருந்தாது என்பதையும் எழுத வேண்டும். இசை, திரைப்படத் துண்டுகளை யூடியூபின் தானியங்கி அடையாளம் காணும் முறை பிடித்துவிடும். அதன்பின் விளம்பர வருமானம் வேறொருவருக்குப் போகலாம், அல்லது சில நாடுகளில் காணொளியே தெரியாமல் போகலாம்.

நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

முதலில் மைக் வாங்குங்கள். மங்கலான படத்தோடு தெளிவான குரல் இருந்தால் மனிதர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். படம் பளிச்சென்று இருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தால் பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள். எம்.ஐ.டி.யில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித விரிவுரைகள் 1999-ல் பதிவானவை. இன்றைய கண்ணுக்கு அந்தப் படம் சுமார்தான். ஆனால் பேச்சும் பலகை எழுத்தும் தெளிவு. இன்றும் அதைப் பார்த்துப் படிக்கிறார்கள்.

காலர் மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டையின் நடுவில் பொருத்துங்கள். ஒரு பக்கக் காலரில் மாட்டினால் பேராசிரியர் பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் குரல் குறையும். அடையாள அட்டையும் சங்கிலியும் மைக்கில் உரசினால் வரும் சத்தத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்.

பதிவு அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உரத்த பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் (கருவி தாங்கும் எல்லை 0) அருகே நிற்கும்படி வைத்தால், திடீரென்று சிரித்தாலோ மேசையைத் தட்டினாலோ ஒலி உடையாது. கேமராவின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாட்டை அணையுங்கள். பேச்சு நிற்கும்போதெல்லாம் அது மின்விசிறிச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். தொகுக்கும்போது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் உறுமல் பெரும்பாலும் போய்விடும். முடிவில் ஒலியின் சராசரி அளவை மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் ஒலி உரப்பை அளக்கும் அலகு) அருகே சமப்படுத்துங்கள்; ஏழாம் விரிவுரைக்கும் எட்டாம் விரிவுரைக்கும் இடையே பார்ப்பவர் ஒலியைக் கூட்டிக் குறைக்க வேண்டியிராது.

கம்பியில்லா மைக் என்றால் ஒவ்வொரு வகுப்புக்கும் புது பேட்டரி அல்லது முழு சார்ஜ். கூடவே ஒரு கைபேசியை மேசையில் வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். தரம் சுமாராக இருந்தாலும், மைக் செத்துப்போன நாளில் அது ஒன்றுதான் மிஞ்சும்.

பலகையும் திரையும் சரியாக விழுவதில்லை. ஏன்?

ஒளிவீழ்த்தியின் வெளிச்சம் மாறும்போதெல்லாம் கேமரா தன் அளவை மாற்றிக்கொள்கிறது. வெள்ளை ஸ்லைடு வந்ததும் பேராசிரியர் கரிய நிழலாகிவிடுவார். எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெண்மைச் சமநிலை மூன்றையும் கையால் அமைத்துப் பூட்டிவிடுங்கள். ஷட்டர் வேகம், மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/50, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60. இல்லையென்றால் விளக்கொளியால் படத்தில் பட்டைகள் ஓடும்.

ஸ்லைடுகளைக் கேமராவால் பிடிக்க முயலாமல், கணினித் திரையை நேரடியாகப் பதிவு செய்யுங்கள். அப்படிச் செய்யும்போது லேசர் சுட்டி பதிவில் வராது என்பதைப் பேராசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மவுஸ் முனையைப் பெரிதாக்கி அதைக் கொண்டு சுட்ட வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் கறுப்பு, நீல மை மட்டும். பச்சையும் சிவப்பும் சுருக்கப்பட்ட காணொளியில் வெளுத்துவிடும். எழுத்தின் உயரம் படச்சட்டத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்காவது இருந்தால்தான் கைபேசியில் படிக்க முடியும். பலகையை அழிக்குமுன் ஐந்து வினாடி விலகி நிற்கச் சொன்னால், அந்த ஒரு சட்டகத்தையே குறிப்புப் படமாகவும் கொடுக்கலாம்.

‘இதை இங்கே போட்டால் இது வந்துவிடும்’ என்ற பேச்சு, ஒலியை மட்டும் கேட்பவருக்கும் பார்வையற்றவருக்கும் வெறும் காற்று. ‘எக்ஸ் வர்க்கத்தை இரண்டாம் சமன்பாட்டில் பிரதியிட்டால்’ என்று வாயால் சொல்லப் பழக்குங்கள். மற்ற எந்தச் செலவையும் விட இது பதிவை மேம்படுத்தும்.

மின்சாரம் போனதும் முழு வகுப்பும் போய்விட்டது. தடுப்பது எப்படி?

எம்பி4 கோப்பின் அட்டவணை (எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் நின்றால் தரவு இருந்தும் கோப்பு திறக்காது. ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், நடுவில் நின்றாலும் திறக்கக்கூடிய எம்கேவி வடிவில் பதிவு செய்துவிட்டு, அதிலேயே உள்ள ‘ரீமக்ஸ்’ வசதியால் எம்பி4 ஆக மாற்றுங்கள். தரம் குறையாது, சில வினாடிகள்தான் ஆகும்.

முதலில் சரியாக இருந்த குரல், போகப் போக உதட்டசைவோடு ஒட்டவில்லை.

இரண்டு காரணங்கள். கைபேசிகள் சட்டக வேகத்தை (வினாடிக்கு எத்தனை படங்கள் என்பதை) நிலையாக வைப்பதில்லை. தொகுக்குமுன் நிலையான வேகத்துக்கு, உதாரணமாக 25 அல்லது 30-க்கு, மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது ஒலியைத் தனிக் கருவியில் பதிந்திருப்பீர்கள். இரு கருவிகளின் கடிகாரங்களும் நுட்பமாக வேறுபடும்; ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு வினாடி விலகினாலே கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல் பதிந்துகொண்டால் எவ்வளவு விலகியது என்று அளந்து ஒலியை இழுத்துச் சரிசெய்யலாம்.

கோப்பு அளவு எவ்வளவு இருக்க வேண்டும்?

விரிவுரையில் அசைவு குறைவு. எச்.264 முறையில் சுருக்கிய 1080 வரிசைக் காணொளிக்கு வினாடிக்கு 2 மெகாபிட் தாராளம். 50 நிமிடத்துக்கு 750 மெகாபைட். 40 விரிவுரைகள் என்றால் 30 ஜிகாபைட். இதை மட்டும் கொடுத்தால் கைபேசித் தரவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர் உள்ளேயே வர மாட்டார். வினாடிக்கு 500 கிலோபிட்டில் ஒரு சிறிய வடிவமும், 64 கிலோபிட்டில் ஒலி மட்டும் உள்ள கோப்பும் சேர்த்துக் கொடுங்கள். ஒலிக்கோப்பு 50 நிமிடத்துக்கு 24 மெகாபைட்தான். 40 விரிவுரைகளும் சேர்ந்து ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

உங்கள் சொந்தத் தளத்தில் வைக்கும் எம்பி4 முழுதாக இறங்கிய பிறகே ஓடுகிறதா? அட்டவணை கோப்பின் கடைசியில் இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ விருப்பத்தோடு ஒருமுறை நகலெடுத்தால் அது முன்னால் வந்துவிடும்.

சப்டைட்டில் கட்டாயமா? தானியங்கி போதாதா?

காது கேளாதவருக்குச் சப்டைட்டில் இல்லாத விரிவுரை மூடிய கதவு. சட்டமும் குறுக்கிடலாம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் இலவசமாகத் திறந்து வைத்திருந்த பதிவுகள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இல்லை என்று 2016-ல் அமெரிக்க நீதித் துறை சுட்டிக்காட்டியது. பல்கலைக்கழகம் அவற்றைச் சரிசெய்வதற்குப் பதிலாக, 2017-ல் 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. யாருக்கும் பயனில்லாத முடிவு. தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு வாரமும் சப்டைட்டில் போட்டு வந்தால் வேலை மலையாகச் சேராது.

தானியங்கியை முதல் வரைவாகக் கொள்ளுங்கள். ‘தொகையீடு’ என்பதை அது ‘தொகை ஈடு’ என்று உடைத்தால் பார்ப்பவர் சமாளித்துக்கொள்வார். ‘இந்த மதிப்பு சுழி அல்ல’ என்பதில் ‘அல்ல’ விழுந்துவிட்டால் பாடமே தலைகீழ். எண்கள், எதிர்மறைகள், கழித்தல் குறி, ஆட்பெயர், கலைச்சொல் ஆகிய ஐந்தையும் முதலில் திருத்துங்கள். மீதியை நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் வகுப்பில் கருவி தடுமாறும், ஆங்கிலச் சொற்களைத் தமிழொலியில் ஏதோ ஒன்றாக எழுதிவிடும். பாடத்தின் கலைச்சொற் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு தேடி மாற்றினால் பாதி வேலை முடியும். விஸ்பர் போன்ற, பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் நீண்ட மௌனத்தில் யாரும் பேசாத வாக்கியங்களையும் எழுதிவைக்கும். பேராசிரியர் பேசாமல் பலகையில் எழுதும் நிமிடங்களைக் கட்டாயம் சரிபாருங்கள்.

தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரிந்தால், பெரும்பாலும் கோப்பை யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமிக்கவில்லை என்று பொருள். சப்டைட்டில் கோப்புகளில் இரண்டு வகை உண்டு: எஸ்ஆர்டி கோப்பில் வினாடிக்கும் அதன் பின்னத்துக்கும் இடையே காற்புள்ளி, வெப்விடிடி கோப்பில் புள்ளி. கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் ஓடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்துகளைப் படத்தின் மேலேயே பதித்துவிடாதீர்கள். திருத்தவும் முடியாது, மொழிபெயர்க்கவும் முடியாது, தேடவும் முடியாது.

யூடியூபில் ஏற்றிவிட்டால் போதாதா?

கண்டுபிடிக்க அது வேண்டும், பாதுகாக்க அது போதாது. ஆப்பிளின் விரிவுரைத் தளமான ஐடியூன்ஸ் யூ 2007-ல் பெரும் பல்கலைக்கழகங்களோடு வந்தது. 2021 இறுதியில் மூடப்பட்டது. யூடியூபிலும் நீங்கள் விளம்பரம் கேட்காவிட்டாலும் விளம்பரம் வரலாம். கணக்கைச் சரிபார்க்காமல் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்பதையும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்கைவில் ஒரு நகல், நிறுவனத்தின் சொந்த வன்வட்டில் ஒரு நகல், வேறு கட்டடத்தில் இன்னொன்று. விக்கிமீடியா காமன்ஸ் எம்பி4-ஐ ஏற்காது. வெப்எம் ஆக மாற்ற வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 மதிப்பை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு ஓர் உரைக்கோப்பில் வைத்தால், ஐந்து வருடம் கழித்து எது கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். தொகுப்பில் பயன்படுத்திய ஸ்லைடு, வினாத்தாள், சப்டைட்டில் கோப்பு எல்லாம் அதே அடைவில் இருக்கட்டும்.

கோப்புப் பெயரில் பாட எண், விரிவுரை எண், தேதி. எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கமாகவே எழுதுங்கள். இல்லையென்றால் 10-ஆவது விரிவுரை 2-ஆவதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு மணி நேர வகுப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி வெளியிடலாமா?

தலைப்பு வாரியாகப் பிரியும் பாடமென்றால் வெட்டலாம். ஒரு நிரூபணம் 35 நிமிடம் ஓடுகிறது என்றால் வேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு அத்தியாயக் குறிகளே போதும். யூடியூபில் விவரப் பகுதியில் நேரத்தையும் தலைப்பையும் வரிசையாக எழுதினால் போதும். முதல் குறி 0:00-ல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள், ஒவ்வொன்றும் 10 வினாடிக்குக் குறையாமல். இதில் ஒன்று தவறினாலும் எதுவும் தெரியாது, பிழைச் செய்தியும் வராது.

இவற்றைப் பார்த்துப் படித்தால் சான்றிதழ் கிடைக்குமா?

திறந்த பதிவுகளுக்கு வழக்கமாகக் கிடையாது, எம்.ஐ.டி.யின் திறந்த பாடத் தொகுப்பான ஓபன்கோர்ஸ்வேர் சான்றிதழோ மதிப்பெண்ணோ தருவதில்லை. என்.பி.டி.இ.எல். போன்றவற்றில் பாடம் இலவசம், பதிவு செய்து தேர்வு எழுதுபவருக்குச் சான்றிதழ் உண்டு. தேர்வுக் கட்டணம் தனி. படிக்கும்போது காணொளியை மட்டும் வரிசையாக ஓட்டாமல், பயிற்சித்தாள் உள்ள பாடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாத தொகுப்பில் புரிந்ததா என்று தெரிந்துகொள்ளவே வழியில்லை.

வெளியிட்டபின் பாடத்தில் ஒரு தவறு தெரியவந்தது. என்ன செய்யலாம்?

யூடியூபில் அதே இணைப்பில் வேறு கோப்பை மாற்றி ஏற்ற முடியாது. ஒரு பகுதியை வெட்டி எடுக்க மட்டும் அங்கேயே வசதி உண்டு. குறி தவறியது போன்ற சிறு பிழை என்றால், விவரப் பகுதியின் முதல் வரியில் ‘23:40-ல் கூட்டல் என்று சொன்னது கழித்தல் என்றிருக்க வேண்டும்’ என்று எழுதி, அதையே கருத்துப் பகுதியில் மேலே நிலைநிறுத்துங்கள். சப்டைட்டிலில் பேசியதை அப்படியே விட்டு, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் திருத்தம் போடுங்கள். பெரிய பிழை என்றால் புதிதாக ஏற்றி, பழையதை நீக்காமல் பட்டியலிலிருந்து மறைத்து, அதன் விவரத்தில் புதியதன் இணைப்பைக் கொடுங்கள். பழைய இணைப்பைத் தங்கள் பாடப் பக்கங்களில் பதித்திருப்பவர்களுக்குக் கறுப்புப் பெட்டி தெரியக் கூடாது. இன்டர்நெட் ஆர்கைவில் கோப்பையே மாற்ற முடியும், ஆனால் அங்கும் கோப்புப் பெயரில் ‘திருத்திய பதிப்பு 2’ என்று சேர்த்து, மாற்றிய தேதியை விவரத்தில் எழுதிவிடுங்கள்.